பொறுப்புகள் கைமாறட்டும்: நம் பேச்சு மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர், செயலாளர், பொருளாளர், கல்விப் பொறுப்பாளர் உள்ளிட்ட புதிய செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் பொறுப்பேற்றதும் உறுப்பினர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். வரும் அரையாண்டு முதல் கூட்டப் பொறுப்புகளைச் சுழற்சி முறையில் வழங்குவதைக் கைவிட்டு, யாருக்கு எது நன்றாக வருகிறதோ அந்தப் பொறுப்பை அவரிடமே நிலையாக விட்டுவிட எண்ணியிருப்பதாக அதில் கூறியிருக்கிறீர்கள். கூட்டத்தை நடத்தும் நெறியாளர் பொறுப்புக்கு நால்வர், மதிப்பீட்டுக்கு மூவர், மொழிநடையைக் கவனிக்கத் தமிழாசிரியர் ஒருவர், நேரம் பார்க்க எப்போதும் ஒருவரே என்று ஒரு பட்டியலையும் இணைத்திருக்கிறீர்கள். இதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பதற்கு முன்பே நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டினால் இழப்புக்கு ஆளாகிறவர்கள் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். எழுந்து நின்று ‘என் பெயர் ஏன் இல்லை’ என்று கேட்கும் துணிவு வேண்டித்தான் அவர்கள் மன்றத்துக்கே வந்திருக்கிறார்கள். ஆகவே அவர்களும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று பட்டது.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்கி, 7 மணிக்கு முடிய வேண்டியது எட்டைத் தொட்ட நாள்கள் உண்டு. புதிதாக நெறியாளராக வந்தவர் பேச்சாளரின் பெயரை மாற்றி அழைத்ததும், மதிப்பீடு செய்ய எழுந்தவர் ‘அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை’ என்று இரண்டு வரியில் அமர்ந்துவிட்டதும், அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த விருந்தினர் தேநீர் வருவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கூட்டம் சீராக நடந்தால்தான் புதியவர்கள் சேர்வார்கள், அவர்கள் சந்தா செலுத்தினால்தான் மாடி அறைக்கு வாடகை கொடுக்க முடியும் என்பது பொருளாளரின் கவலை. அது நியாயமான கவலை. போட்டிகளுக்கு ஆள் தயார் செய்ய வேண்டும் என்று கல்விப் பொறுப்பாளர் நினைப்பதிலும் பிழை காண மாட்டேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். நல்ல பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் வடசென்னைக்காரருக்கு நம் மாடி அறை எதற்கு? ஆடி மாதத்தில் அம்மன் கோயில் பந்தலில் பட்டிமன்றம் நடக்கிறது. தேர்தல் வந்துவிட்டால் தண்டையார்பேட்டையிலும் இராயபுரத்திலும் தெருவுக்குத் தெரு மேடை. அங்கே பேசுகிறவர்கள் நம்மில் எவரையும்விட நன்றாகப் பேசுவார்கள், அதுவும் கட்டணமில்லாமல். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு இடையே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க மக்கள் வருவது, மேடைக்கு வராதவராக இருந்த தாம் ஒருநாள் வந்துவிடலாம் என்ற எண்ணத்தினால்தான். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பது சுழற்சி முறை ஒன்றே.

நாம் கடைப்பிடிக்கும் முறை நாம் வகுத்ததன்று. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தின் வழிமுறையைத்தான் நம் மூத்த உறுப்பினர்கள் தமிழுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்கள். ஸ்மெட்லி அதற்கு முன்பே, 1905-இல், இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் ஊரில் இதே முயற்சியைத் தொடங்கியிருந்தார். இளைஞர்களைப் பேசப் பழக்குவதோடு, கூட்டத்துக்குத் தலைமை ஏற்று நடத்தவும் பழக்குவது அவர் நோக்கம். ஒய்.எம்.சி.ஏ. பணியில் இருந்தவர் என்பதால் அவர் ஊர் ஊராக மாற்றலாகிப் போனார். போன ஊரில் மன்றம் தொடங்குவார், அவர் கிளம்பிய பின் அது நலிந்துவிடும். நடத்தத் தெரிந்தவர் ஒருவரே என்றால் அவர் வீடு மாறும்போது மன்றமும் முடிந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உங்கள் பட்டியலில் உள்ள நெறியாளர் நால்வரில் இருவர் வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒருவர் அடுத்த ஆண்டு பணியிட மாறுதலை எதிர்பார்த்திருப்பவர் என்பதை நினைவூட்டுகிறேன்.

இனி, ஒவ்வொரு பொறுப்பும் அதை ஏற்பவருக்கு என்ன தருகிறது என்பதைப் பார்ப்போம். பட்டியலில் மிகச் சிறியதாக நீங்கள் கருதியிருப்பது நேரக்காப்பாளர் பொறுப்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகள், கைப்பேசியில் ஒரு ஸ்டாப்வாட்ச், குறித்துக்கொள்ள ஒரு தாள். இதற்கு மேல் கருவி எதுவும் இல்லை. ஆயத்தப் பேச்சு 5 நிமிடத்தை எட்டியதும் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. திடீர்ப் பேச்சுக்கு 1 நிமிடம், ஒன்றரை, 2. மதிப்பீட்டுக்கு 2, இரண்டரை, 3. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும்; உண்மைதான், செய்யலாம். ஆனால் மஞ்சள் அட்டை உயர்ந்த நொடியில் பேச்சாளரின் முகம் மாறுவதையும், அதுவரை நிதானமாக வந்தவர் மிச்சமிருக்கும் மூன்று கருத்துகளையும் ஒரே மூச்சில் கொட்டுவதையும், முடிவுரைக்கென்று வீட்டில் எழுதி மனப்பாடம் செய்துவந்த நல்ல வரி சிவப்பு அட்டைக்குப் பின்னால் எவர் காதிலும் ஏறாமல் போவதையும் அந்த நாற்காலியிலிருந்து பார்ப்பதுபோல வேறெங்கிருந்தும் பார்க்க முடியாது. அங்கே சில மாலைகள் உட்கார்ந்தவர் அதன் பிறகு தம் பேச்சை எழுதும்போது முடிவுரைக்கு ஒரு நிமிடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நடுப்பகுதியைத் தொடுகிறார். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லத்தான் முடியும். பிறர் பேச்சு கண்முன்னே சிதறுவதைப் பார்த்தவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்தப் பொறுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நம் மன்றத்தில் பேசிய மாலை உங்களுக்கு நினைவிருக்கும். வியாசர்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவி அன்று நேரக்காப்பாளர். அவருடைய தந்தைக்கே பாடம் எடுத்தவர் அந்த ஐயா. சிவப்பு அட்டை உயர்ந்தது. ஐயா பார்த்தும் பாராதவர்போலத் தொடர்ந்தார். மாணவி அட்டையை இறக்கவில்லை. வலக்கை ஓய்ந்ததும் இடக்கைக்கு மாற்றி உயர்த்திப் பிடித்தபடி நின்றார். கூட்ட இறுதியில் அறிக்கை வாசிக்கும்போது, ‘ஐயா எடுத்துக்கொண்ட நேரம் 8 நிமிடம் 40 விநாடி’ என்று குரல் தடுமாறாமல் அவர் சொன்னதும் அறை முழுக்கச் சிரித்தது. ஐயாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் பெரியவர் பேசும்போது குறுக்கே ஒரு சொல் சொல்லிப் பழகாத பெண், பெரியவருக்கு உரிய மரியாதையில் ஒரு குன்றுமணி அளவும் குறைக்காமல் விதியைச் செயல்படுத்தினார். அந்த மாலைக்கு முன் அவர் மேடையேறிப் பேசியதே இல்லை. அடுத்த மாதமே தம் முதல் பேச்சுக்குப் பெயர் கொடுத்தார். உங்கள் ஏற்பாடு அன்றைக்கே நடைமுறையில் இருந்திருந்தால் அட்டையைப் பிடித்திருப்பவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுவலகப் பழக்கத்தில் ஊறிய நம் நண்பர் ஒருவர்தாம். அவர் மிக நன்றாகவே செய்திருப்பார். ஆனால் அவருக்கு அதில் கற்பதற்கு ஏதுமில்லை.

பேச்சில் ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் விடும் நண்பர் நம்மிடையே இருக்கிறார். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கூட்டத்தையே அடக்கும் குரல் அவருக்கு. அவர் பேச்சுக்கு எப்போதும் கைத்தட்டல் கிடைக்கும், எனினும் முடிந்த பிறகு என்ன சொன்னார் என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. இடைவெளியே இல்லாமல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஒருமுறை, அவர் விருப்பத்துக்கு மாறாக, தடைச்சொற்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பேச்சாளர்கள் சொல்லும் ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலா’, ‘என்ன சொல்ல வர்றேன்னா’ ஆகியவற்றுக்குத் தாளில் கோடு போட்டுக்கொண்டு, கூட்டம் முடியும் வரை வாயைத் திறக்காமல் உட்கார வேண்டிய வேலை. அன்று கீழே இறங்கி வரும்போது அவர் சொன்னது இது: ‘எங்க ஏலத்துல மூச்சு விட்டா விலை இறங்கிடும்ங்க. அதனால வாய் நிக்காம ஓடும். இங்க ஜனங்க மூச்சு விடுற எடத்துலதான் அடுத்தவன் காதுல ஏறுது.’ தம்முடைய பழக்கம் எங்கிருந்து வந்தது, மேடைக்கு அது ஏன் ஒவ்வவில்லை என்பதைப் பிறர் பேச்சைக் கோடு போட்டுக் கேட்டபோதுதான் அவரால் பிரித்தறிய முடிந்தது. நல்ல பேச்சாளர் என்று முத்திரை குத்தி அவரைப் பேச மட்டுமே அழைத்திருந்தால் கைத்தட்டலோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

மதிப்பீட்டுப் பொறுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் உறுத்துவது அந்த மூன்று பெயர்கள்தாம். மூவரும் நன்கு படித்தவர்கள், தயங்காமல் பேசுபவர்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மதிப்பீடு என்பது நம் வளர்ப்பிலேயே இல்லாத ஒரு பழக்கம். பெரியவர் செய்ததில் குறை சொன்னால் அது துடுக்கு. சிறியவர் செய்ததை நேரே பாராட்டினால் அது கெடுத்துவிடும். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் வளர்ந்த நமக்கு, ஒருவர் பேசியதை அவர் முன்னிலையிலேயே, பிறர் கேட்க, மூன்று நிமிடத்துக்குள், அவர் மனம் நோகாமலும் அவருக்குப் பயன்படும்படியாகவும் எடுத்துச் சொல்வது எளிதில் வருவதன்று. வராது என்பதால்தான் புதியவர்கள் ‘அருமை, அற்புதம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதற்கு மருந்து அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்குவதா?

கொருக்குப்பேட்டையில் வீட்டோடு தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், சில மாதங்களுக்கு முன் வழக்கறிஞர் ஒருவரின் பேச்சை மதிப்பிட்டார். பெண்கல்வியைப் பற்றிய பேச்சு அது, புள்ளிவிவரங்கள் நிறைந்தது. அம்மையார் எழுந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, ‘நீங்க உங்க பொண்ணப் பத்திச் சொன்னப்போ பேப்பரப் பாக்கவே இல்ல சார். கணக்கு வந்ததும் குனிஞ்சீங்க. அப்புறம் கடைசி வரைக்கும் நிமிரல’ என்றார். அவர் மதிப்பீடு ஏறக்குறைய அந்த மூன்று வாக்கியங்கள்தாம். பேச்சின் கட்டமைப்பு, உச்சரிப்பு, உடல்மொழி என்று பிரித்துப் பிரித்துப் பேசும் நம் தேர்ந்த மதிப்பீட்டாளர் எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. வழக்கறிஞர் அன்றிலிருந்து எண்களை அட்டையில் பெரிதாக எழுதி, இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வழக்கறிஞர் பெற்றதைவிட அந்த அம்மையார் பெற்றது பெரிது என்று நினைக்கிறேன். தையல் கூலியைக் குறைத்துக் கேட்பவரிடம் பேசவே கூசியவர், தாம் கண்டதைத் தம் சொற்களிலேயே சொன்னால் படித்தவரும் தலையாட்டிக் கேட்பார் என்பதை அன்று தெரிந்துகொண்டார். இனி மதிப்பீட்டுக்கு மூவர் மட்டுமே என்றால் அவர் மறுபடியும் கேட்பவராக மட்டும் வந்துபோவார்.

இதில் மற்றொரு பயனும் உண்டு. மேடையில் நிற்பவருக்குத் தம் கை நடுங்குவதும் நா உலர்வதும் பெரிதாகத் தெரியும். எதிரே இருப்பவர் அனைவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிறவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக எண்ணும் அளவுக்கு அது பிறருக்குத் தெரிவதில்லை என்பதைக் காட்டினார்கள். அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிப் பேசவைத்தபோது பேச்சாளர்கள் நன்றாகவும் பேசினார்கள். அவர்களும் அப்படி உணர்ந்தார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். நம் மன்றத்தில் இதை ஆய்வு படிக்காமலேயே கற்றுக்கொள்ள வழியிருக்கிறது. மதிப்பீட்டாளராகப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, ஒருவர் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை உற்றுக் கவனித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் அவர் ‘கால் நடுங்கிக்கொண்டே இருந்தது’ என்று சொல்லக் கேட்டு, தாம் எதையும் காணவில்லையே என்று வியப்பவருக்கு, அடுத்த முறை தம் கால் நடுங்கும்போது அது அவ்வளவு பெரிய செய்தியாகப் படாது.

மொழிநடைக் கவனிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழாசிரியர் அதை மிகச் சிறப்பாகச் செய்வார் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ‘பல சிக்கல்கள் இருக்கிறது’ என்பதையும் ‘ஒவ்வொரு ஊர்களிலும்’ என்பதையும் அவர் கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு பயிற்சியாகாது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தம்முடைய மெட்ராஸ் பேச்சைப் பிறர் கேலி செய்வார்கள் என்று அஞ்சியே பல கூட்டங்களில் வாய் திறக்காதிருந்தவர், அந்தப் பொறுப்பு வந்ததும் இரண்டு நாள் தமிழாசிரியரோடு தொலைபேசியில் பேசித் தெரிந்துகொண்டு வந்து, மூத்த உறுப்பினர் ஒருவரின் வாக்கியம் ‘நாம்’ என்று தொடங்கி ‘செய்தேன்’ என்று முடிந்ததை எடுத்துக் காட்டினார். தமிழாசிரியர் அன்று பின்வரிசையில் அமர்ந்து மகிழ்ந்ததை நான் பார்த்தேன். அவரை அந்தப் பின்வரிசையிலேயே வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வதுதான் அவர் திறமைக்குச் சரியான பயன்.

பெண்களைப் பற்றியும் கேட்டாக வேண்டும். உங்கள் பட்டியலில் நெறியாளர் நால்வரில் பெண் ஒருவரே, அது நான். மதிப்பீட்டில் ஒருவரும் இல்லை. விருந்தினரை வரவேற்பது, தேநீர், கையெழுத்துப் பதிவேடு ஆகியவற்றுக்குப் பெயர் போட்டிருக்கும் ஐவரும் பெண்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்ல மாட்டேன். ‘யாருக்கு எது நன்றாக வருகிறதோ’ என்று தொடங்கினால் அது இங்கேதான் வந்து நிற்கும். வீட்டில் வாய்ப்புக் கிடைத்தது எதுவோ அதுவே நன்றாக வரும், நன்றாக வருவது எதுவோ அதையே மன்றமும் கொடுக்கும். நாம் பின்பற்றும் அந்த அமெரிக்க அமைப்பே 1973-இல்தான் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தாமதத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

நம் பகுதியின் வரலாறும் உங்கள் பட்டியலுக்கு எதிராகவே சான்று சொல்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவானது. அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும். இருவரும் பக்கிங்ஹாம், கர்நாடிக் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு அக்கம்பக்கத்தில் கடை வைத்திருந்த வணிகர்கள். தலைவராக வந்த வாடியா, அன்னி பெசன்ட் அம்மையாரோடு பிரம்மஞான சபையிலும் பத்திரிகையிலும் பணிபுரிந்தவர். திரு.வி.க. பள்ளியாசிரியராக இருந்து பத்திரிகை ஆசிரியரானவர். தொழிற்சங்கம் நடத்திப் பழகியவர் என்று அவர்களில் ஒருவரையும் சொல்ல முடியாது; நம் நாட்டில் பழகுவதற்குச் சங்கமே அதுவரை ஏறத்தாழ இல்லை. யாருக்கு நன்றாக வருமோ அவரே செய்யட்டும் என்று அன்று காத்திருந்தால் பெரம்பூரில் சங்கம் ஏது?

அதற்கும் முந்திய ஒன்று ஏழுகிணற்றில் நடந்தது. இராமலிங்க அடிகள் சிறுவராக அங்கே தம் அண்ணன் சபாபதியின் இல்லத்தில் வளர்ந்தார். அண்ணன் புராணச் சொற்பொழிவு செய்து குடும்பம் நடத்தியவர். ஒருநாள் அவருக்கு உடல்நலமில்லாமல் போகவே, சில பாடல்களைப் பாடிவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார் என்றும், போனவர் கேட்டவர்கள் வியக்கும்படி நெடுநேரம் விரிவுரை செய்தார் என்றும், அதன்பின் அந்த வீட்டார் அவரையே தொடர்ந்து சொல்லக் கேட்டனர் என்றும் அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் கூறுவார்கள். வள்ளலாரோடு நம்மை ஒப்பிட நான் வரவில்லை, அந்த அளவுக்கு எனக்கு அறிவு மழுங்கவில்லை. ஆனால் தம்பியிடம் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டுக்குத் தெரியவர அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டியிருந்தது. நம் நெறியாளர்கள் நால்வருக்கும் நல்ல உடல்நலம் வாய்க்கட்டும். அவர்கள் படுத்தால்தான் அடுத்தவருக்கு முறை என்ற நிலை மன்றத்துக்கு வேண்டாம்.

கூட்டத்தின் தரம் என்னாவது என்று கேட்பீர்கள். அது சுழற்சியினால் கெடவில்லை, ஆயத்தமின்மையால் கெட்டது என்பது என் கணிப்பு. இப்போது பொறுப்புப் பட்டியல் சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவர் நெறியாளராக நிற்கிறார். பேச்சாளர்களின் பெயர்களைக் கூடச் சொல்லிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பட்டியலை பத்து நாள் முன்னதாக வெளியிடுங்கள். முதன்முறையாக ஒரு பொறுப்பை ஏற்பவருக்கு, அதை ஏற்கெனவே செய்த ஒருவரைத் துணையாகக் குறித்துவிடுங்கள். அவர் மேடைக்கு வர வேண்டாம், முன்னதாக ஒருமுறை பேசி, கூட்டத்தன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். ஒவ்வொரு பொறுப்புக்கும் என்ன செய்ய வேண்டும், தொடக்கத்தில் என்ன அறிவிக்க வேண்டும், அறிக்கையில் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். சேர்ந்த மறுவாரமே ஒருவரை நெறியாளராக நிறுத்துவதும் சரியன்று. நேரம் பார்த்து, தடைச்சொல் எண்ணி, மொழிநடை கவனித்து, பிறகு மதிப்பீடு, அதன் பிறகு கூட்டத்தை நடத்துவது என்று படிப்படியாக வந்தால் தடுமாற்றம் குறையும். உடம்பு முடியாதவர், வீட்டில் சூழ்நிலை சரியில்லாதவர் ஆகியோர் முறையைத் தள்ளிவைக்கக் கேட்டால் தள்ளிவையுங்கள். வேறொரு நாளில் அதே பொறுப்பு அவருக்குக் காத்திருக்கட்டும்.

போட்டியைப் பொறுத்தவரை, அதற்குத் தேர்வாகிறவருக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்க வேறு ஒரு நாளை ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அதற்காக ஒரு சிலருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். அலுவலகத்தில் ஒரே மேசையில் பல ஆண்டு ஒரே கோப்பைப் பார்த்தவர்கள், கடையில் ஒரே கல்லாவில் உட்கார்ந்தவர்கள், சமையற்கட்டை விட்டு நகராதவர்கள் என்று நம்மில் பலர் வாரத்தில் ஆறு நாளும் தமக்கு நன்றாக வருவதையே செய்கிறவர்கள். ஏழாம் நாளில் வேறொன்றைச் செய்து பார்க்க அவர்களுக்கு இந்த ஊரில் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. செயலாளர், பொருளாளர் பொறுப்புகளும் ஆண்டுதோறும் கைமாற வேண்டும் என்றே கருதுகிறேன். கணக்கு எழுதத் தெரியாதவர் என்று நாம் ஒதுக்கிவைத்த எவருக்கும் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததில்லை.

எனவே என் வேண்டுகோள் இவை. பட்டியலைப் பொதுக்குழுவுக்கு அனுப்பாமல் திரும்பப் பெறுங்கள். மாற்றம் வேண்டும் என்றே நினைத்தால், சுழற்சி, துணை, முன்னறிவிப்பு ஆகிய மூன்றையும் வைத்து அடுத்த அரையாண்டு நடத்திப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று பொதுக்குழு கருதினால் அப்போது விவாதிப்போம்.

நெறியாளர் நால்வரில் என்னையும் சேர்த்ததற்கு நன்றி. அந்த இடத்திலிருந்து என் பெயரை நீக்கிவிட்டு, வரும் கூட்டத்துக்கு வியாசர்பாடி மாணவியின் பெயரை எழுதுங்கள்; துணையாக நான் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கு நேரக்காப்பாளர் பொறுப்பைக் கொடுங்கள். மாணவிக்குத் தேர்வு நெருங்குகிறது என்பதால், உங்கள் முடிவை இந்த வாரம் புதன்கிழமைக்குள் அவரிடமும் என்னிடமும் தெரிவித்தால் அவர் ஆயத்தமாவதற்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மன்றத்தின் மூத்த உறுப்பினர்களுள் ஒருவர்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை.